பெயர் யாருக்குச் சொந்தம்?

மிளகாய் இல்லாமல் நம் வீட்டில் குழம்பு இல்லை. ஆனால் மிளகாய் நம் நாட்டுச் செடி அல்ல. அது மெக்சிகோ நாட்டுச் செடி. அந்த நாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிட்டார்கள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்னால் போர்ச்சுகீசியர்கள் அதைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள்.

நாம் மாலை கட்டும் செண்டுப்பூவும் அந்த நாட்டுப் பூதான். தோவாளைச் சந்தையில் கூடை கூடையாக விற்கிறதே, அதே பூ. மெக்சிகோ மக்கள் நவம்பர் மாதம் முதல் இரண்டு நாட்களில் இறந்துபோன முன்னோர்களை நினைத்துக் கும்பிடுவார்கள். அப்போது இந்தப் பூவால்தான் வீட்டை அலங்கரிப்பார்கள்.

மெக்சிகோ எங்கே இருக்கிறது? உலக உருண்டையில் நமக்கு மறுபக்கம் இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குத் தெற்கே உள்ள நாடு அது. அவ்வளவு தூரத்திலிருந்து செடி வந்தது. பூ வந்தது. இங்கிருந்தும் ஒரு பொருள் அங்கே போனது. அது துணி.

இந்தப் பாடத்தில் துணியைப் பற்றியும் கைவேலையைப் பற்றியும் படிப்போம். கைவேலைப் பொருளுக்கு வைக்கும் பெயரைப் பற்றியும் படிப்போம்.

ஒரு சிறிய கடை

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதிக்கு அருகில் ஸ்ரீவராகம் இருக்கிறது. அங்கே வராக மூர்த்தி கோயில் உண்டு. பெரிய குளம் உண்டு. பக்கத்தில் மணக்காடும் ஆற்றுக்காலும் இருக்கின்றன. ஆற்றுக்கால் பொங்கல் சமயத்தில் லட்சக்கணக்கான பெண்கள் அந்தத் தெருக்களில் கூடுவார்கள்.

இந்த ஸ்ரீவராகத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு கடை வைப்பதாக நினைத்துக்கொள்வோம். அவர்கள் ஒரே அயல்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் ஊசி வேலை தெரியும். அவர்களில் ஒரு பெண் மெக்சிகோ நாட்டுக் கைவேலைப் படங்களைப் பார்த்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். மான், மயில் போன்ற உருவங்கள். "இதுபோல நாமும் தலையணை உறை, தோள்பை, சுவர்த் திரை தைத்து விற்கலாமே" என்று அவளுக்குத் தோன்றியது.

நல்ல யோசனைதான். ஆனால் கடை திறக்கும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெக்சிகோவின் கைவேலைகள்

மெக்சிகோவின் தெற்கில் வாஹாகா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே தியோதித்லான் என்பது ஒரு நெசவாளர் ஊர். அங்கு வாழும் சபோதெக் இன மக்கள் ஆட்டு ரோமத்தால் கம்பளம் நெய்கிறார்கள். சிவப்பு நிறத்துக்கு ஒரு சிறு பூச்சியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பூச்சி சப்பாத்திக் கள்ளியின் மேல் வளரும். அதைக் காயவைத்து அரைத்தால் நல்ல சிவப்புச் சாயம் கிடைக்கும். நீல நிறத்துக்கு அவுரிச் செடியைப் பயன்படுத்துகிறார்கள். அவுரி நமக்கும் தெரிந்த செடிதான்.

அங்குள்ள பெண்கள் பழங்காலம் முதல் இடுப்புத் தறியில் நெய்து வருகிறார்கள். தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவார்கள். மறு முனையை ஒரு வாரால் தங்கள் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். உடலைப் பின்னால் சாய்த்தால் நூல் விறைக்கும். முன்னால் சாய்ந்தால் நூல் தளரும். நம் நாட்டில் நாகாலாந்து, மணிப்பூர் பெண்களும் இப்படிப்பட்ட தறியில் நெய்கிறார்கள்.

இதால்கோ என்ற மற்றொரு மாநிலத்தில் தெனாங்கோ என்ற மலைப்பகுதி உண்டு. அங்கே ஓத்தோமி இன மக்கள் வாழ்கிறார்கள். 1960-களில் அங்கே கடுமையான வறட்சி வந்தது. விளைச்சல் இல்லை. பிழைக்க வழி இல்லை. பெண்கள் ஊசியைக் கையில் எடுத்தார்கள். தங்கள் ஊர்ப் பறவைகளையும் விலங்குகளையும் பூக்களையும் வெள்ளைத் துணியில் வரைந்து, வண்ண நூலால் நிரப்பித் தைத்து விற்றார்கள். அந்தப் பூவேலைக்கு இன்று அவர்கள் ஊரின் பெயரே பெயராக இருக்கிறது. பஞ்சத்தில் பிறந்த கலை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

விஷாரிகா என்ற மக்கள் இரண்டு குச்சிகளைச் சிலுவைபோல் கட்டி, அதன்மேல் வண்ண நூலைச் சுற்றுவார்கள். இதற்குக் 'கடவுளின் கண்' என்று பெயர். நமக்கு இது சுவரில் மாட்டும் அழகுப் பொருளாகத் தெரியலாம். அவர்களுக்கு இது குழந்தையின் நலத்துக்காகச் செய்யும் வேண்டுதல்.

இங்கிருந்து போன கைக்குட்டை

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. இன்று அது மீனவர் ஊர். 1600-களில் அது பெரிய துறைமுகம். டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணிகள் அங்கிருந்து பல நாடுகளுக்குக் கப்பல் ஏறின. வெளிநாட்டார் வாயில் பழவேற்காடு 'புலிகாட்' ஆயிற்று. 'பலியகாத்' என்றும் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் மெக்சிகோ ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் உள்ள மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பெயின் கப்பல்கள் போய்வந்தன. சீனப் பட்டும் இந்தியப் பருத்தித் துணியும் அந்தக் கப்பல்களில் போயின.

இன்றும் மெக்சிகோ மக்கள் கழுத்திலும் தலையிலும் ஒரு சதுரத் துணி கட்டுகிறார்கள். அதில் பூப்போட்ட அச்சு வேலை இருக்கும். அந்தத் துணிக்கு அவர்கள் மொழியில் 'பலியகாத்தே' என்று பெயர். இந்தச் சொல் நம் பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். அந்தத் துணியை நெய்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் துணியோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்தது. அதனால்தான் அந்தத் துணி எங்கிருந்து போனது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. பெயரை அழித்திருந்தால் அந்த நெசவாளர்களின் நினைவும் அழிந்திருக்கும்.

என்ன பெயர் எழுதுவது?

ஸ்ரீவராகம் கடைக்குத் திரும்புவோம். ஐந்து பேரில் மூத்தவரும் இளையவளும் பேசிக்கொள்கிறார்கள். முதல் தலையணை உறை தைத்து முடிந்துவிட்டது. அதில் ஒரு விலைச்சீட்டைக் கட்ட வேண்டும்.

இளையவள்: அக்கா, சீட்டில் 'மெக்சிகோ பூவேலை' என்று எழுதிவிடட்டுமா? வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்து ஜனங்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

மூத்தவர்: இதை மெக்சிகோவிலா தைத்தார்கள்?

இளையவள்: இல்லை அக்கா. நான்தான் தைத்தேன். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைத்தேன்.

மூத்தவர்: அப்படியானால் உன் கை செய்த வேலைக்கு வேறு யாரோ பெயர் வாங்குவார்கள். வாங்குகிறவரும் ஏமாந்துபோவார். அந்த ஊர்க்காரப் பெண்களுக்கும் நஷ்டம். இதனால் யாருக்கம்மா நன்மை?

இளையவள்: அந்தப் பெண்களுக்கு என்ன நஷ்டம்? அவர்கள் எங்கோ இருக்கிறார்கள்.

மூத்தவர்: பாலராமபுரம் எங்கோ இல்லையே. அங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். விசைத்தறியில் ஓட்டிய சேலையைப் 'பாலராமபுரம் கைத்தறி' என்று சிலர் விற்கிறார்கள். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவரின் சேலை விற்காமல் கிடக்கிறது. நமக்கு வலிக்கிறது அல்லவா? அவர்களுக்கும் அப்படித்தான் வலிக்கும்.

இளையவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்படியென்றால் இந்த வேலையே செய்யக் கூடாதா அக்கா?"

மூத்தவர்: செய்யலாம். தையலைக் கற்றுக்கொள்வதில் தப்பு இல்லை. அவர்கள் வரைந்த படத்தை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் தப்பு. அவர்கள் தங்கள் ஊர் மானையும் பறவையையும் தைத்தார்கள். நம் குளத்தில் கொக்கு இல்லையா? மீன் இல்லையா? தென்னையும் செம்பருத்தியும் இல்லையா? அவற்றை வரைந்து தைப்போம். சீட்டில் உண்மையை எழுதுவோம்.

அன்று அவர்கள் எழுதிய சீட்டு இது:

கையால் தைத்தது. ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்.
மெக்சிகோ நாட்டுத் தெனாங்கோ பெண்களின் பூவேலையைப் பார்த்து நாங்கள் வரைந்த படம்.
துணி: பருத்திக் கைத்தறி.
தைத்தவர் பெயர்: ..........

பாலராமபுரத்தின் கதை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் தூரத்தில் பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரால் அமைந்த ஊர் அது. அந்தக் காலத்தில் தெற்குத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் என்ற நெசவாளர்களை அங்கே குடியமர்த்தினார்கள். அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணிகளை அவர்கள் நெய்து கொடுத்தார்கள். பிறகு மற்றச் சமூகத்தாரும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள்.

அங்கே தரையில் குழி தோண்டித் தறியை அமைக்கிறார்கள். நெய்பவர் குழியில் கால் வைத்து உட்கார்ந்து மிதிப்பார். நாடாவைக் கையாலேயே இப்பக்கமும் அப்பக்கமும் வீசுவார். பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுத் தூரிகையால் சீவுவார்கள். இதற்கு விடியற்காலையிலேயே பலர் சேர்ந்து உழைக்க வேண்டும். இப்படி நெய்த துணி முன்னும் பின்னும் ஒன்றுபோல் இருக்கும்.

அசல் கசவு என்பது வெள்ளி இழைமேல் தங்க முலாம் பூசியது. மலிவான சேலைகளில் செம்பு இழையோ பிளாஸ்டிக் இழையோ இருக்கும். இரண்டும் பளபளக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விசைத்தறி ஒரு நாளில் பல மடங்கு துணியை நெய்துவிடும். அதனால் அதன் விலை குறைவு. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. கைத்தறி என்று பொய் சொல்லி விற்பதுதான் கெடுதல்.

இந்தியாவில் 2019-20 ஆம் ஆண்டில் கைத்தறிக் கணக்கெடுப்பு நடந்தது. நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் சுமார் 35 லட்சம் பேர் இருப்பதாக அதில் தெரியவந்தது. அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். ஆகவே ஒரு பொய்ச் சீட்டு பெரும்பாலும் ஒரு பெண்ணின் கூலியில்தான் கைவைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓர் ஊரின் சிறப்புப் பொருளுக்கு அந்த ஊரின் பெயரைப் பதிவு செய்யலாம். இதற்கு நம் நாட்டில் 1999-இல் ஒரு சட்டம் செய்தார்கள். 2003 செப்டம்பர் 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இதைப் புவிசார் குறியீட்டுச் சட்டம் என்பார்கள். இதன் பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பாலராமபுரம் சேலைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் 2009-10 ஆம் ஆண்டில் இந்தப் பதிவு கிடைத்தது. பதிவு பெற்ற பெயரை வேறு சரக்குக்குப் பொய்யாகச் சூட்டுவது குற்றம்.

கைத்தறித் துணிக்கு ஒரு முத்திரையும் உண்டு. 2006-இல் மத்திய அரசு இதைத் தொடங்கியது. கைத்தறி முத்திரை என்பது இதன் பெயர். துணி வாங்கும்போது இந்த முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மெக்சிகோவிலும் இந்தப் போராட்டம் நடந்தது. 2019-இல் வெளிநாட்டுப் பெரிய ஆடை நிறுவனம் ஒன்று தெனாங்கோ பூவேலைபோன்ற ஆடைகளைத் தன் பெயரில் வெளியிட்டது. மெக்சிகோ அரசின் கலாசார அமைச்சர் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூவேலை எங்கள் மக்களுடையது என்று எடுத்துச் சொன்னார். 2022 ஜனவரியில் அந்த நாட்டில் புதிய சட்டம் வந்தது. பழங்குடி மக்களின் கலை வடிவங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் பிறர் எடுத்து விற்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது.

பாலராமபுரமும் தெனாங்கோவும் வெகு தூரத்தில் இருக்கின்றன. மொழி வேறு. உணவு வேறு. ஆனால் இருவர் கேட்பதும் ஒன்றுதான். "எங்கள் கை செய்த வேலைக்கு எங்கள் பெயர் இருக்கட்டும்."

விலைக் கணக்கு

பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கூலியும் சரியாக இருக்க வேண்டும். ஒரு தலையணை உறைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது பழகுவதற்கான கணக்கு. உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

துணி: 80 ரூபாய்
வண்ண நூல்: 40 ரூபாய்
தையல் கூலி (6 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய்): 360 ரூபாய்
கடை வாடகை, மின்சாரப் பங்கு: 50 ரூபாய்
அடக்க விலை: 530 ரூபாய்
கடையின் லாபம்: 70 ரூபாய்
விற்பனை விலை: 600 ரூபாய்

ஒருவர் வந்து, "400 ரூபாய்க்குத் தருவீர்களா?" என்று கேட்கிறார். கொடுத்தால் என்ன ஆகும்? துணிக்கடைக்காரர் 80 ரூபாயைக் குறைக்க மாட்டார். நூல் விலை குறையாது. வாடகை குறையாது. கடையும் தன் லாபத்தை விடாது என்று வைத்துக்கொள்வோம். 80, 40, 50, 70 ஆகியவற்றைக் கூட்டினால் 240. 400-இல் 240 போனால் மிச்சம் 160. ஆறு மணி நேரம் குனிந்து தைத்தவளுக்கு 160 ரூபாய். மணிக்கு 27 ரூபாய்கூட இல்லை. பேரம் பேசிக் குறைத்த 200 ரூபாய் முழுவதும் அவள் கூலியிலிருந்துதான் போகிறது.

ஆகவே சிறிய கடையில் கூலியை முதலில் எழுத வேண்டும். விலையைப் பிறகு எழுத வேண்டும். எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று நோட்டில் தினமும் குறித்து வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்ததன் பயன் இங்கேதான் தெரியும். கணக்கு நம் கையில் இருந்தால், "இதற்குமேல் குறைக்க முடியாது" என்று தைரியமாகச் சொல்லலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலின் பின்புறத்தில் முடிச்சுகள் தெரியும். இயந்திரத் தையலில் பின்புறம் முழுவதும் வேறொரு நூல், பெரும்பாலும் வெள்ளை நூல், ஒரே சீராக ஓடும்.

2. கைவேலையில் ஒரு பூ மற்றப் பூவைப்போல் அச்சாக இருக்காது. சிறு வேற்றுமை குற்றம் அல்ல. அது கையின் அடையாளம்.

3. "இதை யார் செய்தார்கள்? எந்த ஊர்?" என்று கேளுங்கள். உண்மையான கடைக்காரர் பதில் சொல்வார்.

4. சீட்டில் உள்ள பெயரைப் படியுங்கள். கைத்தறி முத்திரை உண்டா என்று பாருங்கள்.

5. ரசீது வாங்குங்கள். ரசீதில் பொருளின் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிந்திப்போம்

பழவேற்காட்டின் பெயர் கடல் கடந்து போய் நிலைத்தது. பாலராமபுரத்தின் பெயர் சட்டத்தில் பதிவானது. தெனாங்கோ மக்கள் தங்கள் பெயருக்காக இன்றும் பேசுகிறார்கள். ஸ்ரீவராகத்துக் கடையில் தைத்தவளின் பெயர் சீட்டில் ஏறியது. கலை ஊர் விட்டு ஊர் போகலாம். அது போகும்போது செய்தவர் பெயரும் கூடவே போக வேண்டும்.

கேள்விகள்

1. இடுப்புத் தறியில் நூலை எப்படி விறைக்கச் செய்கிறார்கள்?
2. 'பலியகாத்தே' என்ற சொல் எந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்?
3. தெனாங்கோ பெண்கள் ஏன் பூவேலை செய்து விற்கத் தொடங்கினார்கள்?
4. தலையணை உறையை 500 ரூபாய்க்கு விற்றால் தைத்தவளுக்கு என்ன கூலி கிடைக்கும்? கணக்கிட்டு எழுதுங்கள்.

செய்து பார்ப்போம்

உங்கள் ஊரில் கையால் செய்யும் பொருள்கள் எவை? பாய், கூடை, பானை, துணி எதுவாகவும் இருக்கலாம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். செய்தவரிடம் போய்ப் பேசுங்கள். பொருளின் பெயர், ஊர், செய்தவர் பெயர், ஆன நேரம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு சீட்டு எழுதுங்கள். அந்தச் சீட்டை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

புதிய சொற்கள்

பாவு – தறியில் நீளவாட்டில் கட்டும் நூல்
நாடா – குறுக்கு நூலை எடுத்துச் செல்லும் கருவி
கசவு – துணியின் கரையில் வரும் ஜரிகை
விசைத்தறி – மின்சாரத்தால் ஓடும் தறி
அயல்கூட்டம் – அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழு
அடக்க விலை – பொருளைச் செய்ய ஆன மொத்தச் செலவு